கனெக்டர் சூடாகுது

"கனெக்டர் சூடாகுதுடா."

கல்லூரிக் கடைசி வருடத்தில், ஒரு மாலை நேரம், பட்டறையில் வைத்து என் நண்பன் சொன்னது இது. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் ஒரு மாணவர் குழுவின் முன்னால் போய் நிற்கும்போது அவன் குரல் எனக்குக் கேட்கிறது.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பேட்டரியில் ஓடும் சின்ன வண்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். குழுத் தலைவன் நான். மதிப்பெண் பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது, அதனால் பொறுப்பு தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. தலைவன் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தானே முடிவு செய்பவன், எல்லோரையும்விட அதிக நேரம் பட்டறையில் இருப்பவன், அவன்தான் தலைவன் என்று நினைத்திருந்தேன். மோட்டார் கன்ட்ரோலரை நான் பார்த்தேன். சட்டகத்தின் கணக்கை நான் போட்டேன். ரிப்போர்ட்டைக்கூட நானே உட்கார்ந்து எழுதினேன். மற்ற நால்வருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தேன், ஆனால் அந்த வேலையில் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை.

பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயரில் ஒரு கனெக்டர் இருந்தது. சோதனை ஓட்டம் முடிந்ததும் என் நண்பன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அப்புறம் பார்க்கலாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னான், முன்பைவிட மெதுவாக. அப்போது நான் கன்ட்ரோலர் நிரலில் மூழ்கியிருந்தேன், தலையை நிமிர்த்தவே இல்லை. மூன்றாவது முறை அவன் சொல்லவில்லை.

செய்து காட்டும் நாளில் நான்காவது சுற்றில் வண்டி நின்றது. கனெக்டர் உருகி, பிளாஸ்டிக் கருகும் வாசனையோடு மெல்லிய புகை எழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. எங்கள் கைடு வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. "இது சூடாகுதுன்னு உங்கள்ல யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. என் நண்பன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் "எனக்குத் தெரியும் சார், என்னிடம் இரண்டு முறை சொன்னான்" என்று சொல்லவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மோட்டார் இழுத்த மின்னோட்டம் ஏறக்குறைய 80 ஆம்பியர். சரியாக கிரிம்ப் செய்யாத, அதாவது வயரோடு உலோக முனையை ஒழுங்காக அழுத்தி இறுக்காத, ஓர் இணைப்பில் 5 மில்லிஓம் தடை இருப்பது சாதாரணம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 32 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் சூடு. அதை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். முதல் வருடத்தில் படித்த சூத்திரம் அது, ஐந்து பேருக்கும் தெரிந்ததுதான். குழுவில் அறிவு இருந்தது, தகவலும் இருந்தது. அந்தத் தகவல் போய்ச் சேர வழிதான் இல்லை. அந்த வழியை அடைத்துக்கொண்டு நின்றவன் நான்.

அதன்பிறகு சில வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன், பிறகு கற்பிக்க வந்தேன். பொறியியல் மாணவர்களிடம் தலைமைப் பண்பை வளர்ப்பது பற்றிக் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். நடைமுறையில் அது பெரும்பாலும் ஒருநாள் பயிலரங்காக முடிந்துவிடுகிறது. மேடையில் எப்படி நிற்பது, எப்படிக் கண்ணைப் பார்த்துப் பேசுவது, குழு விளையாட்டு இரண்டு, கடைசியில் சான்றிதழ். பேசக் கூச்சப்படும் மாணவருக்கு அதனால் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவன் கனெக்டர் சூடாவதைக் கேட்க மறுத்தால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியவராது. அங்கே எதுவும் சூடாவதில்லை.

பொறியியலில் தலைமை என்பதை நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன்: கெட்ட செய்தி, அதைக் கண்டவரிடமிருந்து முடிவெடுப்பவரிடம் நேரத்தோடு போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது. இலக்கு வைப்பது, ஊக்கப்படுத்துவது எல்லாம் வேண்டும்தான். ஆனால் இந்த ஒன்று இல்லாத குழுவில் மற்றவை எதுவும் தாங்காது.

மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மீது கட்டப்பட்ட கியூபெக் பாலத்தின் கதை. 1800 அடி நீள நடுக்கண் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி), அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமானதாக இருந்திருக்கும். ஆலோசகப் பொறியாளர் தியடோர் கூப்பர் பெரும் புகழ் பெற்றவர். வயதாகி, உடல்நலம் சரியில்லாமல், நியூயார்க்கில் இருந்தபடியே வேலையை மேற்பார்வை செய்தார். பாலத்தில் அவருடைய கண்ணாக இருந்தவர் நார்மன் மெக்லூர், படிப்பை முடித்துச் சில வருடங்களே ஆன இளைஞர். 1907 ஆகஸ்ட் மாதம் கீழ்ப்பகுதியின் அழுத்த உறுப்புகள், அதாவது எடையைத் தாங்கும் எஃகுச் சட்டங்கள், வளைவதை அவர் கவனித்தார். ஓர் உறுப்பில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு ஏறக்குறைய ஒரு வாரத்தில் இரண்டேகால் அங்குலமாகிவிட்டது. கட்டுமானத் தரப்பில் சிலர் அந்த வளைவு முதலிலேயே இருந்தது என்று வாதிட்டார்கள். மெக்லூர் அளந்தார், எழுதினார், கடைசியில் தானே கிளம்பி நியூயார்க் போனார். ஆகஸ்ட் 29 அன்று கூப்பர் விஷயத்தைக் கேட்டவுடன், பாலத்தின் மேல் இனி எடை ஏற்றக்கூடாது என்று தந்தி அடித்தார். அந்தத் தந்தி பென்சில்வேனியாவில் இருந்த கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனது, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அன்று மாலை வேலை முடியும் நேரத்தில் பாலம் சரிந்தது. 75 பேர் இறந்தார்கள்.

கதை முடிந்ததும் "இதில் தலைவர் யார்?" என்று கேட்பேன். பெரும்பாலானவர்கள் கூப்பர் என்பார்கள். சிலர் மெக்லூர் என்பார்கள். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "அங்கே வேலையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லையே சார், அப்போ தலைவரே இல்லைதானே?" என்றாள். விசாரணை ஆணையமும் அந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டியது. பாலத்தின் அருகில் நின்றுகொண்டு, தன் பொறுப்பில் வேலையை நிறுத்தக்கூடிய தகுதியும் அதிகாரமும் கொண்ட பொறியாளர் அங்கே இல்லை. அந்தக் கீழ் உறுப்புகளின் வடிவமைப்பில் இருந்த குறைதான் பாலத்தை வீழ்த்தியது. வேலையை யாரும் நிறுத்தாததால்தான் அத்தனை பேர் அதோடு விழுந்தார்கள்.

அன்றிலிருந்து, வண்டி செய்யும் என் மாணவர் குழுக்களில் ஒரு விதி உண்டு. சோதனை ஓட்டத்தை நிறுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு, முதல் வருட மாணவருக்கும்கூட. நிறுத்தியதற்கு அந்த இடத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை, வண்டி நின்ற பிறகு சொன்னால் போதும். காரணம் தவறாகப் போனாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பகுதியைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். மூன்று வாரம் உழைத்து, நாற்பது நிமிடம் தயார்படுத்திய ஓட்டத்தை ஒருவர் வீணாக நிறுத்தும்போது கேப்டனின் முகத்தில் என்ன தெரிகிறது என்பதை மொத்தக் குழுவும் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை யார் பேசுவார், யார் பேசமாட்டார் என்பது அந்த இரண்டு நொடியில் முடிவாகிவிடும்.

பேசத் துணிவு வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதிதான் சொல்லிக்கொடுத்ததாகும். சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் கதையை நான் அதற்காகத்தான் எடுப்பேன். ராஜர் பாய்ஸ்ஜோலி, ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர். அந்த ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போனால் பேரழிவு வரும் என்று 1985 ஜூலையிலேயே எழுதிக் கொடுத்தவர். 1986 ஜனவரி 27 இரவு தொலைபேசிக் கூட்டத்தில் அவரும் சக பொறியாளர்களும் குளிரில் அந்த வளையங்கள் விறைத்துவிடும், 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். அவர்கள் பேசினார்கள். ஆதாரத்தோடு பேசினார்கள். ஆனால் பேச்சின் போக்கில் கேள்வியே தலைகீழாகிவிட்டது. ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டியவர்கள் சும்மா இருக்க, பாதுகாப்பற்றது என்று நிரூபிக்கும் சுமை பொறியாளர்கள் தலையில் விழுந்தது. நிறுவனத்தின் மேலதிகாரிகள் தனியாகக் கலந்து பேசினார்கள். பொறியியல் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை, கிளம்பிய 73 நொடிகளில் ஓடம் சிதறியது, ஏழு உயிர்கள் போயின.

அந்தத் தொப்பி விஷயத்தை நான் லேசாகக் கடந்துபோவதில்லை. படித்து முடித்த பத்து வருடத்தில் என் மாணவர்களில் பலர் அந்தத் துணைத் தலைவரின் நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். மேலே இருந்து அவசரம், கீழே இருந்து எச்சரிக்கை, இரண்டுக்கும் நடுவில் அவர்கள். அந்த இடத்தில் இரண்டு தொப்பி கிடையாது என்பதை இப்போதே மனதில் பதிய வைக்க வேண்டும். கணக்கைப் புரிந்துகொள்ள முடிந்த ஒருவர் நிர்வாக நாற்காலியில் இருப்பதன் பயனே, அவர் அந்தக் கணக்கை மறக்காமல் இருப்பதுதான்.

எச்சரிக்கையை எப்படிச் சொல்வது என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமை. என் மாணவர்களை நான்கு வாக்கியத்தில் சொல்லப் பழக்குகிறேன்: என்ன பார்த்தேன், எப்படி அளந்தேன், விட்டால் என்ன ஆகலாம், எப்போதைக்குள் யார் முடிவெடுக்க வேண்டும். "கனெக்டர் சூடாகுது" என்பதை "கனெக்டர் பத்து நிமிட ஓட்டத்தில் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது, இப்படியே போனால் உருகலாம், அடுத்த ஓட்டத்துக்கு முன் கிரிம்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும், நீ சரி என்று சொல்" என்று என் நண்பன் சொல்லியிருந்தால் நான் நிமிர்ந்து பார்த்திருப்பேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பார்த்திருக்கலாம். ஆனால் அதை வைத்து அவன்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. "எவ்வளவு சூடு? தொட முடியுதா?" என்று கேட்டிருக்க வேண்டியது நான். அரைகுறையாக வரும் எச்சரிக்கையைக் கேள்வி கேட்டு முழுமையாக்குவது கேட்பவரின் வேலை.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் எதிர்மாறாக இருந்தன. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறை மறைக்காமல் பேசினார்கள். இதைப் படித்த பிறகு ரிவ்யூக்களில் என் மனநிலையே மாறிவிட்டது. ஒரு குழு வந்து "எல்லாம் சரியாகப் போகிறது சார்" என்றால் எனக்குக் கவலை வருகிறது. பிரச்சினைப் பட்டியலோடு வரும் குழுவைப் பார்த்தால் நிம்மதி. மதிப்பெண்ணையும் அப்படியே மாற்றினேன். நேரத்தோடு சொல்லப்பட்ட பிரச்சினைக்கு மதிப்பெண் குறையாது, மறைத்துக் கடைசியில் வெளிவந்ததற்குக் குறையும். முதல் பருவத்தில் யாரும் நம்பவில்லை. நம்ப ஒரு வருடம் பிடித்தது.

எங்கள் கனெக்டரிடம் திரும்பி வருகிறேன், அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பேட்டரி ஒருவன் பொறுப்பு, கன்ட்ரோலர் என் பொறுப்பு. நடுவில் இருந்த கனெக்டர் யாருடையது? யாருடையதும் இல்லை. பிழைகள் இப்படிப்பட்ட எல்லைகளில்தான் குடியிருக்கும். 1999 இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனதும் எல்லையில் நடந்த பிழையால்தான். ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டு-விசை நொடி என்ற அலகில் எண்களைக் கொடுத்தது, மறுபக்கம் அவற்றை நியூட்டன்-நொடி என்ற வேறு அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. இருபக்கமும் திறமைசாலிகள். எல்லைதான் காலியாகக் கிடந்தது. அதனால் என் குழுக்கள் முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எல்லா இணைப்புகளையும் வரைய வேண்டும், ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரே ஒரு பெயர் எழுத வேண்டும். இரண்டு பெயர் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பெரும்பாலும் சத்தமில்லாத மாணவர்கள்தான் இந்த வேலையை விரும்பி எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் போய்ப் பேசி, எண்ணை வாங்கி, ஒத்துப்போகவில்லை என்றால் இருவரையும் உட்கார வைப்பது அவர்கள் வேலை. ஒரு பருவம் முடிவதற்குள் அந்தக் குழுவில் எல்லோரும் முதலில் தேடும் ஆள் அவராகிவிடுகிறார். "கேப்டன்" என்ற பட்டம் வேறு யாரிடமோ இருக்கும்.

அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு 2019-20 முதல் கடைப்பிடிக்கும் விதிகளில், உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தலைமை வழங்கும் குழுவில் செயல்படும் திறன் மாணவருக்கு வேண்டும் என்கிறது. தலைவர் என்று ஒரு தனி ஆளைச் சொல்லவில்லை. அந்த "சேர்ந்து" என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. விதியில் எழுதிய அளவுக்கு வகுப்பறையில் அது இன்னும் வரவில்லை, ஆனால் திசை சரிதான்.

சேர்ந்து தலைமை என்றால் பொறுப்பு சுற்றி வர வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவருக்கு இரண்டே நிபந்தனை: தன் கருத்தைக் கடைசியாகத்தான் சொல்ல வேண்டும், கூட்டம் முடிந்ததும் என்ன முடிவு, யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். கடைசியாகப் பேசுவது கெட்டிக்கார மாணவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கும். பதில் வாயில் நிற்கும், மற்ற நால்வரும் சுற்றிச் சுற்றி வருவார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், எனக்கும்தான் பதில் வாயில் நிற்கும். ஆசிரியரும் அங்கே வாயைத் திறக்கக் கூடாது. ஆபத்து இல்லாத தவறு என்றால் நடக்க விட வேண்டும். ஆபத்து என்றால் உடனே நிறுத்த வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் என் சம்பளத்துக்கான வேலை இருக்கிறது.

மாணவிகள் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டால், ரிப்போர்ட்டும் பிபிடியும் பெண்களிடமும், ஸ்பேனரும் மல்டிமீட்டரும் ஆண்களிடமும் போய்விடுகின்றன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. "உன் கையெழுத்து நல்லா இருக்கு" என்று பாராட்டாகவே சொல்வார்கள். நான்கு வருடம் இப்படிப் போனால் அந்தப் பெண் ஒரு தொழில்நுட்ப முடிவைக்கூடத் தன் பெயரில் எடுக்காமல் பட்டம் வாங்கிவிடுவாள். முடிவு எடுத்துப் பழகாத ஒருவரிடம் தலைமையை எப்படி எதிர்பார்ப்பது? அதனால் பொறுப்பு சுழலும்போது வேலையும் சேர்ந்து சுழல வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மாணவர்களே பந்தய வண்டி வடிவமைத்துச் செய்து போட்டியிடும் ஃபார்முலா மாணவர் பந்தயத்தில் இது எல்லாம் ஒரே இடத்தில் சோதிக்கப்படுவதைப் பார்க்கலாம். மொத்தம் 1000 புள்ளி. அதில் வடிவமைப்பு விளக்கத்துக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிக விளக்கத்துக்கு 75. ஆக 325 புள்ளிகள் வண்டி நகராமலேயே கிடைக்க வேண்டியவை. ஏன் இந்தத் தடிமன், ஏன் இந்தப் பொருள் என்று நடுவர்கள் கேட்பார்கள். "போன வருடம் சீனியர் அப்படிச் செய்தார்" என்ற பதில் அங்கே செல்லாது. சீனியர்கள் போன பிறகு அவர்கள் எடுத்த முடிவின் காரணம் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் அந்த அணியின் தலைமை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. மிகத் திறமையான ஒரு கேப்டன் எல்லாவற்றையும் தன் தலைக்குள் வைத்துக்கொண்டு பட்டம் வாங்கிப் போனதால், அடுத்த வருடம் அணியே பூஜ்யத்திலிருந்து தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அவன் ஊக்கமும் உழைப்பும் உண்மையானவை. என்னைப் போலவே இருந்தான், அதனால் அவனிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன்.

போன பருவத்தில் நடந்தது இது. பந்தயத்துக்கு இன்னும் பதினொரு நாள். மாலை வெளிச்சம் போவதற்குள் ஓட்டிவிட வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த இரண்டாம் வருடப் பையன், எழுந்திருக்காமல், யாரையும் பார்க்காமல், "ஸ்டியரிங்ல கொஞ்சம் ஆட்டம் இருக்கிற மாதிரி இருக்கு அக்கா" என்றான். குரல் பாதி காற்றில் போய்விட்டது. கேப்டன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கழற்றினாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். அவன் பக்கத்தில் போய்க் குந்தி, "எவ்வளவு இருக்கும்? எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அவன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். ஆட்டத்தை அளக்க யாரோ டயல் கேஜ் எடுக்க ஓடினார்கள். அன்று வண்டி ஓடவில்லை. நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றிரவு வீட்டுக்குப் போனதும் என் நண்பனுக்கு போன் செய்தேன்.